பொங்கலுக்கு யாருக்கு லீவு?



காணும் பொங்கலன்று எங்கள் மீஞ்சூர் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும் கூட்டத்தை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு லீவு என்றால் ஆஸ்பத்திரிக்கு அன்றுதான் வேலை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அந்த மாதிரி நாளில் வார்டில் யார் இருக்கிறார்கள்? என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஒப்பந்த நர்ஸ். "பண்டிகை டூட்டி எங்களுக்குத்தான் சார். பெர்மனென்ட் ஆகணும்னா வாய் திறக்க முடியாது" என்கிறாள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம் (வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்). 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மூன்று நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் மூன்று ஷிப்ட், வாரத்துக்கு 21. ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் 18 ஷிப்டுக்குத்தான் ஆள். யாருமே லீவு எடுக்காத வாரத்திலேயே மூன்று ஷிப்ட் இடிக்கிறது. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் 12 மணி நேரம் நிற்க வேண்டியதுதான். ஆக, இது பண்டிகைப் பிரச்சினையே இல்லை. வருடம் முழுக்க இருக்கும் ஓட்டை பண்டிகையன்று கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

அந்த ஓட்டையைத் தற்காலிக ஆட்களை வைத்தே அடைத்து வந்திருக்கிறோம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் முறையாகப் பரீட்சை வைத்து நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று பேச்சு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார வேண்டி வந்தது. சம்பளம் பிறகு 14,000, அப்புறம் 18,000 ஆனது. நிரந்தரம் சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. கொரோனாவில் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்து, நீட்டித்து நீட்டித்து வேலை வாங்கியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போதும் என்றார்கள். போராடிய பிறகு கிடைத்த பதில், வேறு திட்டத்தில் இன்னொரு தற்காலிக வேலை.

தற்காலிக ஆளே கூடாது என்று நான் சொல்லவில்லை. திடீர்க் கூட்டத்துக்குக் கூடுதல் கை வேண்டும்தான். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 'பேங்க்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். விருப்பப்பட்டவர் பெயர் கொடுத்து, கூடுதல் ஷிப்ட் பார்த்து, அதற்குத் தனிச் சம்பளம் வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கும்மிடிப்பூண்டி லைனில் ரயில் ஓடுகிறதே, ஸ்டேஷன் மாஸ்டர் லீவு போட்டால் பதிலுக்கு நிற்க ரயில்வேயில் 'லீவ் ரிசர்வ்' என்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் நிரந்தர ஊழியர்கள்தான். சிக்னலுக்குச் செய்வதைப் பிரசவ வார்டுக்குச் செய்ய முடியாதா?

மாவட்டத்துக்கு இத்தனை என்று லீவ் ரிசர்வ் நர்ஸ் பணியிடங்கள் போடட்டும். ஏற்கெனவே பரீட்சை எழுதித் தேறி, பத்து வருடம் வேலை பார்த்தவர்களையே அதில் அமர்த்தலாம். பணம் இல்லை என்பார்கள். பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் சொன்னார்கள். 2022-இல் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாயில் தற்காலிக வேலை போட்டார்கள். பாதி வருடத்தில் ஆள் மாறினால் வகுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்காவது அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு. ரத்தப்போக்கோடு வரும் பெண்ணுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது.

சுகாதாரத் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆஸ்பத்திரியில் இந்தப் பொங்கல் நான்கு நாளுக்கும் டூட்டி சார்ட்டில் நிரந்தரம் எத்தனை பேர், ஒப்பந்தம் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.