நீல எழுத்தைத் தொடும் முன்...

2023 டிசம்பர் 26ம் தேதி நள்ளிரவை, எண்ணூர் பக்கத்துப் பெண்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண் எரிச்சலும், மூச்சுத் திணறலுமாய் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடிய இரவு அது.

நான் அன்று எண்ணூரில், நாத்தனார் வீட்டில் இருந்தேன். நெடி வந்ததும், 'என்ன செய்யணும்னு போன்ல பாருங்க அண்ணி...' என்றாள். அம்மோனியா கசிந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் கிடைத்தது. நாலு வரி படிப்பதற்குள், 'அம்மோனியா' என்ற சொல் நீல நிறத்தில், அடிக்கோடிட்டு நின்றது. தொட்டேன், ரசாயனப் பாடம் வந்தது. அதிலிருந்து தாவித் தாவி, 1984ல் நடந்த போபால் விஷவாயு சம்பவத்துக்குப் போய் விட்டேன். கை நடுங்கியது தான் மிச்சம். 'என்ன போட்டிருக்கு?' என்று அவள் கேட்டதற்கு, பதில் சொல்லத் தெரியவில்லை!

அவளுடைய மாமனார், காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஐஸ் தயாரிக்கும் இயந்திரத்தில் அம்மோனியா தானே ஓடுகிறது! 'துணிய தண்ணில நனைச்சு, மூக்க மூடிக்குங்க. காத்து அடிக்கிற பக்கமே ஓடாதீங்க. குறுக்கால விலகிப் போங்க...' என்றார். அம்மோனியா, தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஈரத்துணி கொஞ்சம் தடுக்கும். மறுநாள் நிதானமாகப் பார்த்தால், நான் முதலில் திறந்த பக்கத்தின் கடைசிப் பாராவில், இதே விஷயம் இருக்கிறது!

சாதாரண நாளிலும் இதே கதை தான். ராயபுரம் ரயில் நிலையம் பற்றிப் பள்ளிக்கு எழுத உட்கார்ந்தாள் என் மகள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856ல் அங்கிருந்து தான் ஆற்காடு பக்கம், வாலாஜா ரோடு வரை போனது. 'ஆற்காடு' என்ற நீல எழுத்தைத் தொட்டவள், நவாபுக்குப் போய், கடைசியில் பிரியாணியில் போய் நின்றாள். 'எந்த வருஷம் ரயில் விட்டாங்க?' என்றால், முழிக்கிறாள்!

லிங்க்கே கூடாது என்று சொல்லவில்லை. தெரியாத சொல்லுக்கு அர்த்தம் தெரிய, அது நல்ல வசதி தான். ஆனால், ஒவ்வொரு நீல எழுத்தும், 'தொடலாமா, வேண்டாமா' என்று நம் மனசை நிறுத்துகிறது. கோலம் போடும் போது, யாராவது கூப்பிட்டுக் கொண்டே இருந்தால், புள்ளி தப்பிப் போகாதா? புத்தகத்தில், அடிக்குறிப்பைப் பார்த்து விட்டுக் கண்ணைத் தூக்கினால், விட்ட வரி அங்கேயே இருக்கும். போனில், அந்தப் பக்கமே காணாமல் போய் விடுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முதலில், எதையும் தொடாமல் கடைசி வரி வரை படிப்பது. புரியாத சொற்களை ஒரு தாளில் குறிப்பது. பிறகு தான் ஒவ்வொன்றாய்த் தேடுவது. மகள் இப்போது, படித்ததைத் திருப்பிச் சொல்கிறாள்.

செய்தி வெளியிடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புயல், வெள்ளம், வாயுக் கசிவு போன்ற சமயங்களிலாவது, செய்ய வேண்டியதை முதல் பாராவில் போட்டு, லிங்க்குகளை எல்லாம் கடைசியில் வையுங்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே குடித்தனம் செய்யும் எங்களுக்கு, அது உயிர்ப் பிரச்னை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தோழியரே?

— ஒரு வாசகி, திருவொற்றியூர்.