ஒரு கல்லறை, 100 மீட்டர் தடை! சென்னையின் பழைய கட்டிடங்களுக்கு ‘மேப்’ வருமா?

சென்னை ஐகோர்ட்டை ஒட்டி, பழைய சட்டக் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் ஆயிரக்கணக்கான பேர் போய் வருகிறார்கள். எத்தனை பேருக்கு அது தெரியும்?

கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டும், ஜோசப் ஹின்மர் என்பவரும் அடக்கமான இடம் அது. 300 வருஷத்துக்கு மேல் பழசு. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே வாகனம் நிறுத்தும் கட்டிடம் கட்டத் திட்டம் போட்டார்கள். குறுக்கே வந்து நின்றது கல்லறை! அதை வேறு இடத்துக்கு மாற்றலாமா, கூடாதா என்று 2023-ல் விவகாரம் கோர்ட்டு வரை போனது.

பெரிய இடத்துக்கே இந்தப் பாடு என்றால், பாரிமுனையில் பத்துக்குப் பத்து கடை வைத்திருப்பவர் என்ன செய்வார்? கடன் வாங்கி மாடி எழுப்பிய பிறகு நோட்டீஸ் வந்தால் பணம் போனது போனதுதான்.

செல்போனில் தொட்டால் விவரம் சொல்லும் வரைபடம் ஒன்று நகரத்துக்கு வேண்டும் என்பது இதனால்தான். சுற்றுலாக்காரர்கள் போட்டோ பார்க்க மட்டும் அல்ல. ஊர்க்காரன் ஏமாறாமல் இருக்கவும் வேண்டும்.

எது எந்தச் சட்டம்?

பழைய கட்டிடம் எல்லாம் ஒரே ரகம் இல்லை. மத்திய அரசின் 1958 சட்டத்தில் வருபவை ஒரு வகை. அந்தச் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டது. அதன்படி சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாநில தொல்லியல் துறையின் 1966 சட்டத்தில் வருபவை இன்னொரு வகை.

மூன்றாவதுதான் பெரிய கூட்டம். விளம்பரப் பலகை வழக்கில் நீதிபதி பத்மநாபன் கமிட்டி தந்த பட்டியலில் 467 பாரம்பரிய இடங்கள் இருந்தன. இவற்றைக் காக்க சி.எம்.டி.ஏ.வில் தனிக் குழு வேண்டும் என்று 2010-ல் ஐகோர்ட்டு கூறியது. இவற்றுக்கு அந்த 100 மீட்டர் தடை தானாக வந்துவிடாது.

மூன்றுக்கும் ஒரே நிறத்தில் புள்ளி வைத்தால் ஆபத்து. “சார், உங்க தெருவுல புள்ளி விழுந்துடுச்சு, இனி வீடு விலை போகாது” என்று பயமுறுத்தி, பாதி விலைக்குக் கேட்க புரோக்கர் வந்துவிடுவார். ஆகவே மூன்று நிறம் வேண்டும். தொட்டால் எந்தச் சட்டம், எந்த ஆபீசில் மனு கொடுப்பது என்று தமிழில் வர வேண்டும்.

பழைய நம்பர், புது நம்பர்

பட்டியலைப் பார்த்து அப்படியே வரைபடம் போட முடியாது. சென்னையில் கதவுக்குக் கதவு பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டு. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. பிராட்வே பிரகாசம் சாலை ஆனது. ஆகவே ஆள் நேரில் போய், வாசலில் நின்று, செல்போனில் இடத்தைக் குறிக்க வேண்டும்.

அதிலும் சிக்கல் உண்டு. உயரக் கட்டிடம் நெருங்கிய சந்துகளில் செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப் போகும். 100 மீட்டரை அளப்பதும் நடுப்புள்ளியில் இருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையில் இருந்து. எனவே புள்ளி போதாது. நிலத்தின் எல்லையையே சர்வே வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து வரைய வேண்டும். ‘ஸ்மாரக்’ என்ற செயலி செயற்கைக்கோள் படத்தை வைத்து இதைச் செய்கிறது. ஆனால் அது மத்திய அரசின் சின்னங்களுக்குத்தான்.

போனதையும் காட்டு!

மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் எரிந்தது. இன்று அங்கே புறநகர் ரயில் நிலையம். சேப்பாக்கம் கலச மகாலில் 2012-ல் தீப்பிடித்தது. அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு போட்ட பிறகுதான் கடப்பாரை நின்றது.

இடிபட்டதையும் வரைபடம் காட்ட வேண்டும். மற்றதற்கெல்லாம் கடைசியாக எடுத்த போட்டோ, தேதியோடு இருக்க வேண்டும். விரிசல் கண்டால், சுவரில் ஆலங்கன்று முளைத்தால் பொதுமக்கள் படம் எடுத்து அனுப்ப வசதி வேண்டும். வந்த படத்தை அதிகாரி சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கட்டிடம் காணாமல் போனால், நேற்று வரை இருந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

ஆனால் ஒன்று. திறப்பு விழா நடத்தி, அடுத்த மாதமே மறந்துவிட்டால் அந்த வரைபடமும் ஒரு பாழடைந்த கட்டிடம்தான். மாதாமாதம் திருத்த ஒரு ஆள், கேட்டால் பதில் சொல்ல ஒரு மேஜை. பட்டியல் போட்டவர்கள் இதையும் செய்வார்களா?