கோயம்பேட்டில் காத்திருக்கும் கம்ப்யூட்டர்!

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் படிப்படியாக அங்கே மாறின. பழக்கதோஷத்தில் கோயம்பேடு போய் இறங்கிவிட்டு, பெட்டியும் பையுமாகத் தாம்பரம் பக்கம் திரும்பி வந்தவர்கள் உண்டு. பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. தேடிப்போன இடம்தான் பழசு.

கடைகளிலும் சின்ன அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர்கள் இதே தவறைச் செய்கின்றன.

சேலையூரில் ஒரு மருந்துக்கடை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் பில் போடும் கம்ப்யூட்டர். உள்ளே ஸ்டாக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர். அதன் எண் அடிக்கடி மாறுகிறதே என்று, ஒருவர் அதில் 192.168.1.50 என நிலையான எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார். சாயங்காலக் கூட்டத்தில் பில் மெஷின் 'சர்வர் கிடைக்கவில்லை' என்கிறது. சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பெரியவர் நின்றுகொண்டே இருக்கிறார். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரோ நன்றாகவே ஓடுகிறது! கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள். இன்னும் சிலர் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று கிளம்பிவிடுவார்கள். அவசரப்பட்டால், பேக்கப் எடுக்காத கணக்கெல்லாம் போய்விடும்.

நடந்தது என்ன? உங்கள் ரூட்டரை ஒரு லாட்ஜ் மேனேஜராக நினைத்துக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பது டி.எச்.சி.பி. வேலை. யார் எந்த அறையில் என்று கேட்பவருக்குப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது டி.என்.எஸ். வேலை. நிலையான எண் போடுவது என்பது, மேனேஜரிடம் சொல்லாமல் வேறு அறைக்குப் போய்விடுவது மாதிரி. பதிவேட்டில் பழைய எண்ணே இருக்கும். கேட்பவர்கள் பழைய அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த அறையில் இப்போது வேறொருவரின் செல்போன் குடியிருக்கலாம்!

பிரச்னை இதுதானா என்று அறிய ஒரு நிமிடம் போதும். பில் போடும் கம்ப்யூட்டரில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, 'பிங்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு சர்வரின் பெயரைக் கொடுங்கள். பிறகு அதேபோல எண்ணைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராமல் போனாலோ, பெயருக்குப் பழைய எண்ணைக் காட்டினாலோ, கேபிளில் குற்றமில்லை, பதிவேடுதான் பழசு.

சரிசெய்யும் வழி:

1. ரூட்டரின் பதிவேட்டில் பழைய எண்ணை நீக்குங்கள். அதற்கு வசதி இல்லாத ரூட்டர் என்றால் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

2. கேட்கும் கம்ப்யூட்டரும் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும். 'ஐ.பி.கான்ஃபிக்', இடைவெளி, சாய்கோடு, 'ஃப்ளஷ்டி.என்.எஸ்.' என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்த நினைவு அழியும். செல்போனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்துப் பாருங்கள்.

3. நிலையான எண்ணைக் கம்ப்யூட்டரில் போடாமல், ரூட்டரிலேயே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் பதிவு செய்யுங்கள். மேனேஜரே அறையை ஒதுக்குவதால் பதிவேடும் சரியாக இருக்கும். அதே எண் இன்னொருவருக்கும் போகாது.

விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களில் இன்னொரு கண்ணி உண்டு. அங்கே பெயரைப் பதிவது பல நேரம் டி.எச்.சி.பி. சர்வர்தான். அது எழுதிய பதிவைத் திருத்தக் கம்ப்யூட்டருக்கு உரிமை இல்லாமல் போகலாம். பழைய எண்ணின் குத்தகை வழக்கமாக 8 நாள். அது முடியும்போது, டி.எச்.சி.பி. சர்வர் அந்தப் பெயர்ப் பதிவையே அழித்துவிடலாம். 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நிம்மதியாக இருக்கும் அடுத்த வாரம் பெயரே காணாமல் போவது இதனால்தான். எண்ணை மாற்றும் அன்றே பழைய குத்தகையையும் பழைய பதிவையும் நீக்கிவிட்டு, புதிய பதிவைக் கையால் போட்டுவிடுவது நல்லது. பழைய பதிவுகளைத் தானாகத் துப்புரவு செய்யும் வசதி விண்டோஸ் சர்வரில் இருக்கிறது. ஆனால், நாம் இயக்கினால்தான் அது வேலை செய்யும். அப்போதும் 7 நாள், இன்னொரு 7 நாள் என்று பொறுத்துத்தான் அழிக்கும்.

பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் இந்த முறையை பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்தார். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேகம் குறையும் என்பதால், கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைக்க அதில் வழி செய்யப்பட்டது. 86,400 விநாடி என்று குறித்தால் ஒரு முழு நாள் பழைய பதிலே வரும். எண்ணை மாற்றப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே இதை 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. கருவியின் பெயர், எண், மாற்றிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரூட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எண் போட்டுக் கொடுத்தவர் ஊருக்குப் போயிருந்தாலும், கடையில் பில் போடும் பெண் அதைப் பார்த்து வேலையை நடத்திவிடுவார்.