சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை?

கட்டடத் தொழிலில் இருக்கும் எவரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் அந்தப் புலம்பல் வந்துவிடும். நல்ல கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. ஒப்பந்தக்காரர்கள் சொல்கிறார்கள், பொறியாளர்கள் சொல்கிறார்கள், வங்கிக்கடன் வாங்கி இரண்டு படுக்கையறை வீடு கட்டும் நம் இலக்கிய நண்பர்களும் சொல்கிறார்கள். காரணங்களும் ஆயத்தமாக இருக்கின்றன. பையன்கள் படித்துவிட்டார்கள், படிக்காதவர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் குடித்துக் கெட்டார்கள்.

இந்தப் புலம்பலை நான் ஏற்கவில்லை. ஆள் இல்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் கண்ணெதிரில், பத்து இருபது ஆண்டுகளாக அதே தொழிலில் இருப்பவர்கள் தலையில் சாந்துச்சட்டியுடன் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெண்கள், ஆகவே கணக்கில் வருவதில்லை. கட்டடத் தொழிலின் ஆள் பஞ்சத்தில் ஒரு பெரும்பகுதி நாமே உண்டாக்கி வைத்திருக்கும் பஞ்சம் என்பது என் துணிபு.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மொழியில் அக்கறையுள்ளவர்கள் கூடும் இடம் இது. கொத்தனார் என்ற சொல்லில் மரியாதை விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தாள் என்பதோ சிறிய ஆள். ஐம்பது வயதிலும் அவள் சிறிய ஆள்தான். டாக்டரம்மா என்றால் மருத்துவம் பார்ப்பவர். கொத்தனாரம்மா என்றால் கொத்தனாருக்கு வாழ்க்கைப்பட்டவர். பெண் ஒருத்தி கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பக்கூடும் என்பதற்கு நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்கூட இல்லை. ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் கதையை முன்வைத்துச் சினிமா மோகத்தைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. அவள் ஏன் சித்தாளாகவே இருந்தாக வேண்டும் என்று நாம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கொத்துவேலை பெரும்பாலும் பயிற்சிக்கூடத்தில் கற்கப்படுவதில்லை. ஒரு பையன் கையாளாக வருகிறான். கலவை போடுகிறான், சாரம் கட்டுகிறான். கொத்தனார் தேநீர் குடிக்க உட்காரும் நேரத்தில் கரண்டியை எடுத்து நாலு கல் வைத்துப் பார்க்கிறான். கோணலாக இருந்தால் திட்டு விழுகிறது. பிரித்து மறுபடி வைக்கிறான். அந்தத் திட்டுத்தான் பாடம். அடுத்து, மண்ணுக்குள் மறையும் அஸ்திவார வரிசைகளில் கைவைக்க விடுகிறார்கள். பிறகு தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், பூச்சு. சில ஆண்டுகளில் அவன் கொத்தனார்.

அதே தேநீர் நேரத்தில் சித்தாள் என்ன செய்கிறாள்? தேநீர் வாங்கி வர அவள்தான் தூக்குவாளியுடன் போயிருக்கிறாள். வந்ததும் நேற்றுக் கட்டிய சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தூளியில் அழும் பிள்ளையைப் பார்க்க வேண்டும். கட்டுவேலைக்கு ஒன்றுக்கு ஆறு, தளத்தின் அடிப்பூச்சுக்கு ஒன்றுக்கு மூன்று என்று சிமெண்டும் மணலும் கலக்கும் கணக்கு அவளுக்கு அத்துப்படி. கலவை இறுகிவிட்டதா என்பதைத் தொட்டே சொல்வாள். ஆனால் கோணலாகக் கல் வைத்ததற்காக அவளை யாரும் திட்டியதில்லை, ஏனெனில் கல் வைக்க யாரும் விட்டதில்லை.

சொல்லப்படும் மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. உடல் வலிமை போதாது என்பது முதலாவது. நம்மூர்ச் செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. பத்துக் கல்லைச் சும்மாட்டில் அடுக்கி நாளெல்லாம் நடப்பவளுக்கு ஒரு கல்லை எடுத்து வரிசையில் வைக்க வலு இல்லையாம். சாரத்தில் ஏற மாட்டார்கள் என்பது இரண்டாவது. அந்தக் கல்லையும் கலவையையும் சாரத்துக்குக் கொண்டு சேர்ப்பது யார்? பெண்களே விரும்புவதில்லை என்பது மூன்றாவது. இதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வா என்றால் எவள் வருவாள்? பயின்ற பிறகும் மேஸ்திரி அவளைச் சட்டி தூக்கத்தான் அழைப்பார் என்றால் எதற்காக விரும்புவாள்? கணவன் கொத்தனார், மனைவி சித்தாள் என்று ஜோடியாக வேலைக்குப் போகும் குடும்பங்களில் அவள் கரண்டி எடுப்பது வீட்டுக்குள்ளும் ஒரு சிக்கல்தான். ஆனால் இவை எவையும் கையின் குறைபாடுகள் அல்ல.

உண்மைக் காரணம் கூலி. பல ஊர்களில் சித்தாளின் கூலி கொத்தனார் கூலியில் ஏறத்தாழப் பாதிதான். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இல் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. இரண்டையும் ஏய்க்க எளிய வழி ஒன்று உண்டு. வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் போதும். அவள் சித்தாள், அவர் கொத்தனார். வெவ்வேறு வேலை, ஆகவே வெவ்வேறு கூலி. மலிவான சுமைக்கூலி கையில் இருக்கும்வரை அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஒப்பந்தக்காரருக்கு என்ன அவசரம்?

இது மாற்றக்கூடியதுதான் என்பதற்குச் சான்றுகள் அருகிலேயே இருக்கின்றன. கேரளத்தில் 1980களின் இறுதியிலேயே கழிப்பறை கட்டும் திட்டத்தில் பெண்கள் கொத்துவேலை பயின்றார்கள். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்போது பெண்கள் பல்லாயிரக்கணக்கில் கரண்டி பிடித்தார்கள். அங்கே கொத்தனாரை ராஜ்மிஸ்திரி என்பார்கள். இவர்களுக்கு ராணி மிஸ்திரி என்று பெயர் வந்துவிட்டது. வேலை கைக்கு வந்ததும் சொல்லும் பிறந்துவிட்டது, பாருங்கள்.

நாமோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று நம்பிக் கட்டுகிறோம். வருபவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் உழைப்பில்தான் நம் நகரங்கள் எழுகின்றன. ஆனால் 2020 ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பியபோதும், 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவி அவர்கள் அஞ்சியபோதும் தொழில் கலங்கிப்போனதைப் பார்த்தோம். ஆட்களைத் தக்கவைப்பது எப்படி என்று கேட்பவர்கள், தங்குவதற்கு ஒழுங்கான கூரையும் கற்றதற்கு ஏற்ற கூலியும் தந்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் உயர்திறன் சான்று பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குச் செலுத்தும் மாதத் தீர்வை குறைவு. திறனை உயர்த்தினால் முதலாளிக்கே லாபம் என்று அந்த அரசு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இங்கே இருபது ஆண்டு வேலை செய்தவரின் திறனை ஒரு காகிதத்தில்கூட யாரும் எழுதித் தருவதில்லை.

பணம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. தமிழ்நாட்டில் 1994 முதலே கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. 1996இல் வந்த மத்தியச் சட்டங்கள், கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவரியாக வசூலிக்க வழிசெய்தன. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, ஏறத்தாழ 9,500 கோடிதான் செலவாகியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கடிந்துகொண்டது. அதே 1996 சட்டம், 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நம் தெருவில் எழும் வீட்டில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேர். அவர்கள் பிள்ளைகளுக்கு வேப்பமரத் தூளிதான் மிஞ்சியது.

இதில் காலக்கெடு ஒன்றும் இருக்கிறது. கலவை இயந்திரம் வந்தது, மேலே தூக்கும் பொறி வந்தது, ஆயத்தக் கலவை லாரியில் வந்து குழாய் வழியே தளத்தில் இறங்குகிறது. சுமக்கும் வேலை சுருங்கிக்கொண்டே போகிறது. சுமப்பதைத் தவிர வேறெதையும் நாம் கற்க விடாத பெண்தான் முதலில் வெளியேற்றப்படுவாள். அன்றைக்கும் ஒப்பந்தக்காரர் நல்ல கொத்தனார் இல்லை என்றே புலம்பிக்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டியவை எளியவை. நலவரிப் பணத்திலிருந்து பயிற்சி நாட்களுக்கு முழுக்கூலி தர வேண்டும். வாரிய அட்டையில் சித்தாள் என்று பதிவானவர் தேர்வெழுதிக் கொத்தனார் என்று மாற்றிக்கொள்ள வழி வேண்டும். அரசு கட்டும் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் இத்தனை பெண் கொத்தனார்கள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுத வேண்டும். சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பினால் அது பெட்டியில்தான் கிடக்கும். வேலைக்கு உத்தரவாதம் இருந்தால்தான் பயிற்சிக்குப் பொருள் உண்டு.

நாமும் வெறும் வாசகர்கள் அல்ல. வீடு கட்டுகிறவர்கள், கூலி கொடுக்கிறவர்கள். மேஸ்திரியிடம் சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசும்போது இதையும் ஒரு நிபந்தனையாகச் சொல்லலாம்: உள்ளறைச் சுவர் ஒன்றையாவது அந்த அம்மா கட்டட்டும், அதற்குக் கொத்தனார் கூலி தருகிறேன் என்று. ஒரு வரிசை கோணினால் பிரித்துக் கட்டிக்கொள்ளலாம். நம் வீடுகளின் சுவர்களில் ஆண்கள் பழகிய கோணல்கள் ஏற்கனவே நிறைய இருக்கின்றன. அவற்றின் மேல் பூச்சடித்துத்தான் குடியிருக்கிறோம்.