தொண்டையில் கிச் கிச்!

ரஜினி மேல் மரியாதை வர ஆளுக்கொரு காரணம். எனக்கு இது: 1992-ல் 'மன்னன்' படத்தில் எஸ்.ஜானகியோடு ஒரு பாட்டுப் பாடினார். அடுத்ததாக மைக்கைப் பிடித்தது 2014 'கோச்சடையா'னில். நடுவில் 22 வருஷம்! இந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது சார்.

நடிகர் பாடுவதே தப்பென்று சொல்லவில்லை. 'ஹரிதாஸ்' (1944) காலத்தில் பாகவதர் மாதிரி பாடத் தெரிந்தவர்தான் ஹீரோ. சந்திரபாபு பாடினார். கமல் 1975-லேயே 'அந்தரங்கம்' படத்தில் பாடியாச்சு. 2011-ல் தனுஷின் கொலவெறி. எல்லாம் அவரவருக்கென்று தைத்த சட்டை. தொளதொளவென்று இருந்தாலும் சொந்தச் சட்டை.

என் பயம் அடுத்தவர் சட்டையைப் பற்றி. வேறொருவர் பாடி ஹிட்டான பாட்டை, இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பாடுகிறார்களே, அது! வடக்கே 2014-ல் இந்த ஜுரம் அடித்தது. அங்கித் திவாரி பாடிய 'கலியான்' ஹிட்டானதும் ஷ்ரத்தா கபூர் அதையே 'அன்பிளக்டு' என்று பாடினார். அதே வருஷம் அலியா பட், 'சம்ஜாவான்'. அன்பிளக்டு என்றால் கீபோர்டு, கிடார் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவது. பாடுகிறவர் பிளக்கை மட்டும் யாரும் தொடுவதில்லை!

சுருதி? அதற்கு 1997-லேயே 'ஆட்டோ ட்யூன்' வந்துவிட்டது. கண்டுபிடித்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன்னால் பூமிக்கடியில் எண்ணெய் தேடக் கணக்குப் போட்டவர். அவருக்குத் தொண்டை எம்மாத்திரம்!

சட்டம் காப்பாற்றுமா? பி.காம். தைரியத்தில் புரட்டினேன். காப்பிரைட் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 31சி பிரிவு: பாட்டு பதிவான வருஷம் முடிந்து 5 வருஷம் வரை கவர் வர்ஷன் கூடாது. வருஷத்துக்குக் குறைந்தது 50,000 காப்பிக்கு ராயல்டி. அட்டையில் பழைய பாடகரின் பேரோ படமோ கூடாது. பேஷ்! ஆனால் உரிமை வைத்திருக்கும் கம்பெனியே 'பாடுங்க தம்பி' என்றால் இந்த வேலியெல்லாம் கிடையாது.

2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. போனதிலிருந்து எனக்கு இந்த பயம் ஜாஸ்தி. அவருக்கு இனி ரீடேக் இல்லையே. ஆபீஸ் முடிந்து, டிபன் பாக்ஸும் கையுமாக, தி.நகரில் அடையாறு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனுக்கு டீக்கடையிலிருந்து 'இளைய நிலா' கேட்டால் போதும். மேனேஜர் திட்டியது பாதி மறந்துபோகும். 1982-லிருந்து காசு வாங்காமல் நடக்கிற வைத்தியம்.

நாளைக்கு அதே ஸ்பீக்கரில், அதே பாட்டு, யாரோ ஒரு ஹீரோவின் பெருமூச்சோடு வந்தால்? பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறலாம் என்றால், அதில் ஸ்பீக்கர் நம்ம சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது!