வேற்றுமையிடையே மகிழ்ச்சி

பாலராமபுரம் முதல் பாறசாலை வரையுள்ள நம்மவர் குடும்பங்களில் தென்னிந்தியத் திருச்சபையார், கத்தோலிக்கர், இரட்சணிய சேனையார், பெந்தெகொஸ்தேயினர் என உறவினரே பல சபையினராய் உளர். அண்மையில் நம் இல்லத்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நிகழ்ந்தது. குழந்தை ஞானஸ்நானம் தகாதெனக் கருதும் நம் சித்தப்பா வரவில்லை; நாமும் வருந்தி அழைத்தோமில்லை. பந்தியில் பாயசம் இருந்தும் உள்ளம் இனிக்கவில்லை.

அன்றிரவு நம் சபையின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1919-இல் அத்தியட்சர் அசரியா முதலிய ஊழியர்கள் தரங்கம்பாடியில் கூடி, சபைகள் ஒன்றாதல் வேண்டுமென்றனர். அத்தியட்சர் பதவி, குருத்துவம் ஆகியவை பற்றிய வாதங்கள் நீண்டு, 28 ஆண்டுகளுக்குப் பின்னரே, 1947 செப்டம்பர் 27-இல், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. லண்டன் மிஷன் வழிவந்த நம் தென்திருவிதாங்கூர்ச் சபைகளும் அதில் இணைந்தன. 1945-இல் மறைந்த அசரியா அந்நாளைக் கண்டிலர். மனச்சாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டு முறையை எச்சபை மீதும் திணிப்பதில்லை என்று வாக்களித்தே அவர்கள் ஒன்றுபட்டனர்.

பிலிப்பி பட்டணத்துச் சபைக்குச் சிறையிலிருந்து எழுதிய பவுலடிகளார், பிணங்கிய இரு சகோதரிகளை ஒருமனப்பட வேண்டுகிறார். உடனேயே அனைவரையும் மகிழச் சொல்கிறார். பிணக்குத் தீரும்வரை மகிழ்ச்சியை ஒத்திவைக்குமாறு அவர் கூறவில்லை.

மறுநாள் குழந்தையுடன் சித்தப்பாவைக் கண்டோம். ஞானஸ்நானம் பற்றி அவரும் மாறவில்லை, நாமும் மாறவில்லை. ஆயினும் குழந்தையை மடியில் வாங்கி அவர் ஜெபித்தார். நாம் ‘ஆமென்’ என்றோம். நேற்றே அழைத்திருக்கலாகாதா என்று நாணினோம்.

அன்பர்களே, வரும் கிறிஸ்துமஸுக்கு உங்கள் பந்தியில் யாருடைய இலை குறைகிறதென்று இப்பொழுதே எண்ணிப் பாருங்கள்.