பிரேக் பெடல் கீழே இறங்குதா? ‘பம்ப் பண்ணி ஓட்டலாம்’ என்பது ரிப்பேர் இல்லை!

“காக்கா, பிரேக் கொஞ்சம் இறங்குது.”

“ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சுக்கும் தம்பி. பட்டுக்கோட்டை போறப்போ ஆயில் ஊத்திக்கலாம்.”

அதிராம்பட்டினத்தில் பழைய கார் நிற்கும் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம். ஆயில் ஊற்றியதும் பிரச்சினை முடிந்த மாதிரி தோன்றும். உண்மையில் அது முடியவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது.

பிரேக் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் இரண்டே காரணம்தான்: பிரேக் பேட் தேய்ந்திருக்கணும், இல்லைன்னா எங்கேயோ கசியணும். எது என்று பார்க்காமல் ஊற்றினால், வண்டி கொடுத்த எச்சரிக்கையை நாமே அழிக்கிறோம்.

பெடல் என்ன சொல்லுது?

வண்டியை சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பெடலை மிதமாக அழுத்தி அரை நிமிஷம் அப்படியே வைத்திருங்கள்.

• பஞ்சு மாதிரி அமுங்குது, பம்ப் பண்ணினா மேலே வருது: லைனில் காற்று இருக்க வாய்ப்பு அதிகம். ஏர் எடுக்கணும். காற்று எப்படி உள்ளே போச்சு என்பதையும் கண்டுபிடிக்கணும்.

• பெடல் ரொம்ப கீழே போய்ப் பிடிக்குது, ஆனா அங்கே கெட்டியா நிக்குது: பின்சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்ட் தளர்ந்திருக்கலாம்.

• அழுத்திப் பிடிக்கப் பிடிக்க மெதுவா தரைக்கு இறங்குது: இதுதான் ஆபத்தானது. நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும், பைப்புகளையும் பாருங்கள். ஈரம் இருந்தால் வீல் சிலிண்டரிலோ ஹோஸிலோ கசிவு. எங்கேயும் ஈரம் இல்லை, ஆயிலும் குறையலைன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் போயிருக்கலாம். ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவிவிடும். இதற்கு எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் பயன் இல்லை.

மூன்றாவது வகை என்றால் ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதே நல்லது.

நம்ம ஊரில் ஏன் கூடுதல் கவனம்?

முதல் காரணம், கடற்காற்று. உப்பும் ஈரமும் இரும்பு பிரேக் பைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. புதிய டாட்-4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், தர விதி கேட்கும் அளவே 155 டிகிரிதான்.

இரண்டாவது, சும்மா நிற்கும் வண்டிகள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர் இது. கார் ஷெட்டில் நிற்கும், லீவுக்கு வந்ததும் எடுப்பார்கள். அந்த மாதங்களில் சிலிண்டருக்குள் துருவும் கசடும் சேரலாம். ஏர் எடுக்கும்போது பெடலை தரை வரை மிதித்தால், வழக்கமாகப் போகாத அந்தப் பகுதியில் உரசி சீல் கிழியும். பெடலுக்குக் கீழே சின்ன மரக்கட்டை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: நம்ம ஊர் சமதளம். மேடும் இல்லை, இறக்கமும் இல்லை. அரைகுறை பிரேக்கோடு வருஷக்கணக்கில் பட்டுக்கோட்டை போய் வந்துவிடலாம். அதே காரில் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் இறங்கும்போதுதான் சோதனை. தொடர்ந்து மிதித்து சூடேறியதும் ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும்.

சட்டம் வந்து பார்க்காது

சொந்த காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பு. இடையில் யாரும் உங்கள் பிரேக்கைச் சோதிக்கப் போவதில்லை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயசு தாண்டிவிட்டது. ரப்பருக்கும் அதே வயசுதான், அதை மாற்றியிருந்தால் தவிர.

‘செலவு வேண்டாமே’ என்பது புரிகிறது. ஆனால் சீட் கவருக்கும் ஆடியோவுக்கும் செலவழிக்கும் நாம், மாஸ்டர் சிலிண்டர் என்றதும் ‘கிட் மட்டும் போடுங்க’ என்கிறோம். உள்சுவர் கீறியிருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் போகும். முழு சிலிண்டரையும் மாற்றுவதுதான் சரி.

செய்ய வேண்டியது

• இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுசா மாற்றுங்கள். எந்த வகை என்று டேங்க் மூடியிலேயே இருக்கும்.

• எப்போதோ திறந்து வைத்த பாட்டிலை ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் கூடவே கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

• ஓடும்போது பெடல் இறங்கினால் வேகமாக பம்ப் பண்ணுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுங்கள். அது வேறு கேபிளில் இயங்குகிறது.

லீவுக்கு ஊருக்கு வருகிறீர்களா? டிக்கெட் போட்டதும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணி, “பிரேக்கைப் பார்த்து வையுங்க” என்று சொல்லுங்கள். ஏர்போர்ட்டுக்கு உங்களைக் கூப்பிட வரப்போவது அதே வண்டிதானே!